அங் மோ கியோ மூவறை வீடு, குத்தகை 51 வருஷம்தான் பாக்கி – வாங்கலாமா?

செங்காங்_சித்ரா
எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி), 2020ல கிடைச்சது. எனக்கு 37, அவருக்கு 41. பையன் தொடக்கநிலை 2. இப்போ செங்காங்ல வாடகை, மாசம் 2,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

போன வாரம் அங் மோ கியோவுல ஒரு மூவறை மறுவிற்பனை வீடு பார்த்தோம். ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தா காத்து பிச்சுக்கிட்டு வருது. கீழ இறங்கினா ஈரச்சந்தை, எம்ஆர்டி ரயிலுக்கு நடந்தே போயிடலாம். விக்கிறவர் நம்ம ஆளுதான், சமையக்கட்டு ஓரமா சாமி அலமாரிகூட அடிச்சு வச்சிருக்கார். 400,000 கேக்கிறார். அதே புளோக்ல போன மாசம் ஒரு வீடு 435,000க்குப் போச்சாம். "இது அடிச்ச அதிர்ஷ்டம், சனிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க"ன்னு முகவர் நெருக்குறார்.

குத்தகை 1977ல தொடங்கியிருக்கு. 99ல 51 பாக்கி. எனக்கு 88 வயசு ஆகுறவரைக்கும் இருக்கே, போதாதா? சட்டப்படி வேற எதையெல்லாம் பார்க்கணும்?

காசுமுத்து
போதும் போதும், வாங்குங்க. மாசம் 2,900 வாடகை கொடுத்து வருஷத்துக்கு 34,800 வெள்ளிய அடுத்தவன் பையில போடுறீங்க. 88 வயசுல வீடு போனா என்ன, நாமளே போயிருப்போம்.

பழைய_தேக்கா
முத்து தம்பி, 88 வயசுல நான் எங்கே போவேன்னு எனக்கே தெரியல, எனக்கு இப்போ 74. நடை இன்னும் நிக்கல.

பத்திரக்காரி
சித்ரா, நான் வழக்கறிஞர் இல்லை. சொத்து மாற்று வேலை பார்க்கும் ஒரு சட்ட அலுவலகத்தில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே தினம் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

நாம் எல்லாரும் "வீட்டுச் சொந்தக்காரர்" என்று சொல்லிக்கொள்கிறோம். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், குத்தகைக்குக் கொடுப்பவர், நீங்கள் குத்தகைதாரர். 99 வருஷம் முடிந்த அன்று வீடு வீவகவிடம் திரும்பிப் போகும். நஷ்ட ஈடு எதுவும் கிடையாது. அந்த நாள் வராது என்று நினைப்பவர்கள் கேலாங் லோரோங் 3ஐ ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும். அங்கே 191 தரை வீடுகள், தனியார் வீடுகள்தான். 1960ல் கொடுத்த 60 வருஷக் குத்தகை. 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது, நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பியது. ஒரு வெள்ளிகூட ஈடு இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். "எனக்கு 88 வயது வரை" என்று கணக்குப் போட்டீர்கள். மசேநிதி, அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதி, போடும் கணக்கு வேறு. 2019 மே 10லிருந்து, வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை தாங்குமா என்று பார்க்கிறார்கள். உங்களுக்கு 37. 95ஐத் தொட 58 வருஷம் வேண்டும், வீட்டில் இருப்பதோ 51. ஏழு வருஷம் உதைக்கிறது. ஆகவே மசேநிதியிலிருந்து முழு அளவுக்கு எடுக்க முடியாது, விகிதப்படி வெட்டுவார்கள். எவ்வளவு என்பது மசேநிதி இணையத்தளத்தில் உள்ள கணிப்பானில் பிறந்த தேதியைப் போட்டால் வந்துவிடும். வீவக கடன் உங்களுக்கு எப்படியும் இல்லை, பிஆர் குடும்பத்துக்கு வங்கிக் கடன்தான். வங்கியும் குத்தகையைப் பார்த்துத்தான் கை நீட்டும்.

இன்னொன்று. 15 வருஷம் கழித்து நீங்கள் விற்கப் போகும்போது பாக்கி 36 வருஷம். அப்போது 30 வயதுப் பையன் ஒருவன் வாங்க வந்தால் அவனுக்கு 65 வருஷம் வேண்டும். அவன் மசேநிதியும் வெட்டுப்படும், கையிலிருந்து ரொக்கம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ரொக்கம் வைத்திருப்பவன் இதைவிடப் புது வீட்டுக்கல்லவா போவான்? பாக்கி 20 வருஷத்துக்குக் கீழே போய்விட்டால் மசேநிதியைத் தொடவே முடியாது. உங்கள் வயதோடு உங்களிடம் வாங்கப் போகிறவர் வயதையும் சேர்த்துப் பாருங்கள்.

காசுமுத்து
அக்கா, 51 வருஷம்னா பாதிக்கும் மேல இருக்கே. விலை அப்படியே பாதியாவா விழும்?

பத்திரக்காரி
ஒரே நேர்கோட்டில் விழாது, அதுதான் ஏமாற்றும். சிங்கப்பூர் நில ஆணையம் நில மதிப்புக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது, பேச்சில் "பாலா அட்டவணை" என்பார்கள். நில அலுவலகத்தில் இருந்த பாலா என்கிற அதிகாரி பெயர் என்று கேள்வி. நிரந்தர நிலத்தின் மதிப்பை 100 என்று வைத்தால் 99 வருஷக் குத்தகை 96. 60 வருஷம் பாக்கி என்றால் 80. 30 வருஷம் என்றால் 60. அதாவது முதல் 39 வருஷத்தில் 16 புள்ளிதான் கரைகிறது, அடுத்த 30 வருஷத்தில் 20 கரைகிறது. மீதி 60 புள்ளியும் கடைசி 30 வருஷத்தில் போய்விடும். வீட்டுச் சந்தை விலை இந்த அட்டவணைப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சித்ரா சரிவு கூடும் பகுதியில் ஏறப் போகிறார், அதுதான் கவலை.

ஈசூன்_ராத்திரிப்பறவை
பழசானா அரசாங்கம் இடிச்சுட்டுப் பக்கத்துலயே புது வீடு தருமே? எங்க சித்தப்பாவுக்குக் கிடைச்சது.

பழைய_தேக்கா
சித்தப்பாவுக்கு ராசி. அதுக்குப் பேரு செர்ஸ். அந்தத் திட்டம் 1995ல வந்தப்போ எல்லாரும் நமக்கும் வரும்னு வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். மொத்த வீடுகள்ல 5 விழுக்காட்டுக்குத்தான் அது வாய்க்கும்னு அவங்களே சொல்லிட்டாங்க. லாரன்ஸ் வோங் அமைச்சரா இருந்தப்போ, 2017 மார்ச்சுல, பழைய வீட்டுக்கெல்லாம் செர்ஸ் வரும்னு நம்பி விலை கொடுக்காதீங்கன்னு எழுதினார். அன்னிக்குக் காப்பிக்கடையில வேற பேச்சே இல்ல.

கிடைச்சவங்களும் சந்தோஷமா இருந்தாங்களா? 2022ல அங் மோ கியோ அவென்யூ 3ல நாலு புளோக்குக்கு செர்ஸ் அறிவிச்சாங்க. பழைய வீட்டுக்குச் சந்தை விலைதான் கொடுப்பாங்க. குத்தகை தேஞ்ச வீட்டுச் சந்தை விலையை வச்சுப் புது 99 வருஷ வீடு வாங்கணும்னா கையிலிருந்து போடணும். வயசானவங்க போடுறதுக்கு எங்க போவாங்க? குரல் எழும்பின பிறகு 50 வருஷக் குத்தகையில மாத்து வீடு எடுத்துக்கலாம்னு ஒரு வழி விட்டாங்க.

பத்திரக்காரி
ஐயா சொன்னது சரி. அடுத்து வரப் போவது வெர்ஸ், 2018 தேசிய தினப் பேரணியில் அறிவித்தது. ஏறக்குறைய 70 வருஷம் ஆன வீடுகளைக் குத்தகை முடியும் முன்பே அரசாங்கம் வாங்கிக்கொள்ளலாமா என்று குடியிருப்போர் வாக்களித்து முடிவு செய்வது. செர்ஸ் அளவுக்குத் தாராளம் இருக்காது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். இந்த வீட்டுக்கு 70 ஆவது 2047ல். அதை நம்பி இன்று ஒரு வெள்ளி கூடக் கொடுக்காதீர்கள்.

ஹவ்காங்_மாமா
மன்னிக்கணும், எல்லாரும் குத்தகையைப் பத்தியே பேசுறீங்க. எனக்கு முதல் பதிவுல வேற ஒரு வரி உறுத்துது. அதே புளோக், போன மாசம் 435,000. இந்த வீடு 400,000. ஏன்மா 35,000 குறைச்சல்?

விக்கிறவர் இந்தியர்னு சொன்னீங்க. அந்த புளோக்ல சீனர் விகிதம் நிரம்பியிருக்கான்னு பாருங்க.

ஒவ்வொரு பேட்டையிலயும் புளோக்லயும் ஒரு இனத்துக்கு இத்தனை விழுக்காட்டு வீட்டுக்கு மேல கூடாதுன்னு ஒரு வரம்பு, இந்த விகிதாசாரம் 1989ல வந்தது. இப்போ சீனர் பேட்டைக்கு 84, புளோக்குக்கு 87 விழுக்காடு. மலாய்க்காரர் 22, 25. நாமளும் மத்தவங்களும் சேர்ந்து 12, 15. புளோக்ல சீனர் 87ஐத் தொட்டுட்டா, சீனர் வீட்டைச் சீனர் வாங்கலாம், ஏன்னா எண்ணிக்கை மாறாது. இந்தியர் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. வாங்க வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு கதவைத் தட்டாமலே போயிடுவாங்க.

என் கதை. 2018ல ஹவ்காங் நாலறை வீட்டை விக்கப் போட்டேன். விளம்பரத்துல முகவர் முதல் வரியே "இந்தியர், மலாய்க்காரர் மட்டும்"னு போட்டார். பார்க்கவே கூச்சமா இருந்துச்சு, ஏதோ நான் ஆளு பார்த்துக் கொடுக்கிற மாதிரி. ஒரு சீனத் தம்பதி தெரியாம வந்துட்டாங்க. அந்தப் பொண்ணு பால்கனி மாதிரி இருக்கிற அந்த நடைபாதையில நின்னு செடியெல்லாம் எங்க வைக்கலாம்னு புருஷன்கிட்ட காட்டிக்கிட்டு இருந்தா. முகவர் ஃபோனைப் பார்த்துட்டு மெதுவா விஷயத்தைச் சொன்னார். அவ முகம் சுருங்கினது எனக்கு இன்னும் மறக்கல. பதினாலு மாசம் இழுத்துச்சு. கடைசியில எதிர் வீட்டுச் சீனர் வித்த விலையை விட 38,000 குறைச்சுக் கொடுத்தேன்.

குறைஞ்ச விலைக்குக் கிடைக்குதேன்னு நீங்க சந்தோஷப்படுறீங்க. அந்தக் குறைச்சலும் வீட்டோட சேர்ந்துதான் வரும். நாளைக்கு நீங்க விக்கும்போது உங்க பேர்ல நிக்கும்.

செங்காங்_சித்ரா
மாமா, இது எனக்குத் தோணவே இல்லை. எங்க பார்க்கிறது?

ஹவ்காங்_மாமா
வீவக இணையத்தளத்துல புளோக் நம்பரைப் போட்டா சொல்லும். ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி புதுப்பிப்பாங்க. இந்த மாசம் நிரம்பினது அடுத்த மாசம் திறக்கலாம், ஆனா அதை நம்பி 400,000 போடாதீங்க.

பத்திரக்காரி
மாமா சொன்னதோடு ஒன்று. நீங்கள் மலேசியர் அல்லாத பிஆர். உங்களுக்கு இன விகிதாசாரத்துக்கு மேல் பிஆர் விகிதாசாரமும் உண்டு: பேட்டைக்கு 5 விழுக்காடு, புளோக்குக்கு 8. 2010லிருந்து. இரண்டும் பச்சை விளக்குக் காட்டினால்தான் வாங்க முடியும்.

விற்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. நீண்டகாலம் வைத்திருந்து, நிஜமாகவே முயன்றும் விற்க முடியாதவர்களுக்கு. கேட்டவுடன் கிடைக்கும் கதவு அல்ல.

ஹவ்காங்_மாமா
நான் வித்து முடிச்ச பிறகு வந்துச்சு. நம்ம நேரம்.

மீனா_பிடோக்
வீடு எந்தப் பெயரில், எப்படி எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள் சித்ரா. எங்கள் வீட்டில் அதில்தான் அடி விழுந்தது.

அப்பாவும் அண்ணனும் சேர்ந்து வாங்கிய ஐந்தறை வீடு. படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும்: கூட்டுரிமை, பங்குரிமை. அப்பா பார்க்காமல் கூட்டுரிமையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு உயில் எழுதினார், "என் பாதியை மகளுக்கு" என்று. தேக்காவில் ஒரு கடையில் தட்டச்சு செய்து, இரண்டு சாட்சி வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தார். அவர் போன பிறகு எடுத்துக்கொண்டு போனேன். வக்கீலம்மா ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டுரிமையில் ஒருவர் இறந்தால் வீடு முழுக்க மற்றவருக்கு. அந்த வீட்டைப் பொறுத்தவரை உயிலுக்கு வேலையே இல்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. அண்ணி பேச்சு வேறு. அதை இங்கே எழுத வேண்டாம்.

பத்திரக்காரி
மீனா சொல்வது மாதத்துக்கு ஒன்றாவது எங்கள் மேசைக்கு வருகிறது. புருஷன் பெண்டாட்டி என்றால் கூட்டுரிமை பெரும்பாலும் சௌகரியம். அண்ணன் தம்பி, அப்பா மகன், இரண்டாம் கல்யாணம் என்றால் நின்று யோசிக்க வேண்டும். பங்குரிமையில் அவரவர் பங்கு உயில்படியோ, உயில் இல்லையென்றால் வாரிசுச் சட்டப்படியோ போகும். மசேநிதிக் கணக்கில் இருக்கும் பணம் உயிலில் அடங்காது, அதற்குத் தனியாக நியமனம் எழுத வேண்டும்.

இன்னொரு வகை ஆட்கள்: "குடியிருப்பவர்" என்று மட்டும் பெயர் போட்டிருப்பார்கள், மாதாமாதம் தவணைக்குக் காசு கொடுப்பார்கள், தனக்கும் பங்கு உண்டு என்று நினைப்பார்கள். கிடையாது. வீவகவின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் "வீடு உன் பெயரில், நிஜத்தில் எனக்கு" என்று செய்துகொள்ளும் ஏற்பாடு செல்லாது.

காசுமுத்து
சரி, எல்லாத்தையும் ஒத்துக்கிறேன். ஆனா ஒரு கேள்வி, 400,000க்கு வாங்கி 400,000க்கே வித்தாலும் இருந்த வரைக்கும் வாடகை மிச்சம்தானே?

ஈசூன்_ராத்திரிப்பறவை
மசேநிதிக்கு வட்டி கட்டணுமே லா.

பத்திரக்காரி
ராத்திரிப்பறவை சரியாகச் சொன்னார். வீட்டுக்காக எடுத்த மசேநிதிப் பணத்தை, விற்கும்போது 2.5 விழுக்காடு வட்டியோடு உங்கள் கணக்கிலேயே திருப்பிப் போட வேண்டும். முதல் நாளே 150,000 எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 வருஷத்தில் அது ஏறக்குறைய 245,800 ஆகியிருக்கும். உங்கள் பணம்தான், வேறு யாருக்கும் போகவில்லை. ஆனால் விற்ற அன்று கையில் வரும் ரொக்கம் அந்த அளவுக்குக் குறையும், அடுத்த வீட்டுக்கு முன்பணம் எங்கே என்று முழிப்பார்கள். சந்தை விலைக்கு விற்றும் போதவில்லை என்றால் குறைவதை ரொக்கமாகக் கட்டச் சொல்ல மாட்டார்கள், அந்த மட்டும் நிம்மதி.

ரொக்கம் பற்றிப் பேச்சு வந்ததால் சித்ராவுக்கு ஒரு கணக்கு. 400,000க்கு முத்திரை வரி 6,600. இருவருமே பிஆர் என்பதால் முதல் வீட்டுக்கே கூடுதல் வரி 5 விழுக்காடு, 20,000. ஒருவர் குடிமகனாக இருந்திருந்தால் இந்த 20,000 இல்லை. பிறகு மதிப்பீடு. விலை பேசி ஆப்ஷன் (வாங்கும் உரிமைப் பத்திரம்) வாங்கிய பிறகுதான் வீவகவிடம் மதிப்பீடு கேட்க முடியும். 385,000 என்று வந்தால் மேல் 15,000 உங்கள் பையிலிருந்து, ரொக்கமாக. கடனும் மசேநிதியும் அதைத் தொடாது.

ஆப்ஷனுக்கு 1 வெள்ளியிலிருந்து 1,000 வரைதான் கேட்கலாம், எல்லாம் சேர்த்து முன்பணம் 5,000ஐத் தாண்டக் கூடாது. 21 நாள் அவகாசம் உண்டு. அதனால் "சனிக்கிழமைக்குள்" என்பது உங்கள் முகவரின் அவசரம்.

இதற்கெல்லாம் முன்னால் எச்எஃப்இ, வீட்டுத் தகுதிக் கடிதம். அது கையில் இல்லாமல் ஆப்ஷன் வாங்கவே முடியாது. விண்ணப்பித்துவிட்டீர்களா?

செங்காங்_சித்ரா
இன்னும் இல்லக்கா. விண்ணப்பத்தைத் திறந்தேன், ஒரு கேள்வியில நின்னுட்டேன். சிங்கப்பூர்லயோ வெளிநாட்டிலயோ வேற வீடு இருக்கான்னு கேக்குது. மன்னார்குடில மாமனார் வீடு இருக்கு. அவர் 2019ல தவறிட்டார். உயில் எதுவும் இல்ல. மாமியார், இவர், கொழுந்தன் மூணு பேருக்கும் பங்கு வருது. மாமியாரும் கொழுந்தன் குடும்பமும் அங்கதான் இருக்காங்க. நாங்க தீபாவளிக்குப் போய்ப் படுக்கிறதோட சரி. அதெல்லாம் இதுல சேருமா?

காசுமுத்து
மன்னார்குடி வீட்டை இங்க யாரும்மா பார்க்கப் போறா? "இல்லை"ன்னு போட்டுட்டுப் போயிட்டே இருங்க. எல்லாரும் அப்படித்தான்.

பத்திரக்காரி
முத்து, தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். பொய்யாக அறிவித்தால் வழக்குப் போடலாம், வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்துக்குள் ஒரு மனஸ்தாபம் வந்து யாராவது ஒரு கடிதம் போட்டால் போதும். அப்படிப் போட்ட கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சித்ரா, சேரும். வாரிசாக வந்த பங்கும் பங்குதான், வெளிநாட்டு வீடும் வீடுதான். 2022 செப்டம்பர் 30லிருந்து தனியார் வீடு வைத்திருப்பவர்கள் அதைக் கைவிட்டு 15 மாதம் காத்திருந்துதான் மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் என்ன முடிவு என்பதைத் தகுதிக் கடிதம்தான் சொல்லும். உள்ளதை உள்ளபடி போட்டு, பட்டா நகலையும் வாரிசுச் சான்றிதழையும் இணைத்துக் கேளுங்கள். அது வருவதற்கு முன்னால் ஆப்ஷன் பேச்சே வேண்டாம்.

பழைய_தேக்கா
ஊர்ல விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துடலாம்மா, அம்மா பேருக்கோ தம்பி பேருக்கோ. சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும். அவர் நேர்ல போக முடியலேன்னா இங்க இந்தியத் தூதரகத்துல பவர் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்பலாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள அங்க முத்திரை போட்டுடணும், அதை விட்டுட்டா திரும்ப முதல்லேருந்து. நான் கும்பகோணம் மனைக்கு அப்படித்தான் பண்ணினேன், ரெண்டு தடவை.

எழுதிக் கொடுத்தா நிஜமாவே கொடுத்துடணும். "இப்போதைக்கு வச்சுக்கடா, அப்புறம் பார்த்துக்கலாம்"னு தம்பிகிட்ட வாய்ப்பேச்சு வச்சுக்கிட்டா ரெண்டு ஊர்லயும் வில்லங்கம்.

செங்காங்_சித்ரா
(மூணு நாள் கழிச்சு)
எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

வீவக தளத்துல புளோக் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். மாமா சொன்னதேதான், சீனர் விகிதம் நிரம்பியிருக்கு. முகவர்கிட்ட கேட்டேன், "அது உங்களுக்கு நல்லதுதானே, போட்டி இல்லையே"ன்னார். நான் எப்படி விக்கிறதுன்னு கேட்டதுக்கு, அது அப்புறம் பார்த்துக்கலாமாம்.

ராத்திரி இவர் ஊருக்கு ஃபோன் போட்டார், ஸ்பீக்கர்ல. கொழுந்தன் ஒண்ணும் சொல்லல. மாமியார்தான் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "அந்த வீடு எத்தனை வருஷத்துக்குடா?"ன்னாங்க. ஐம்பத்தொண்ணுன்னார். "உங்க தாத்தா கட்டினதுக்கே எழுபது ஆச்சு. அதை எழுதிக் கொடுத்துட்டா இதை வாங்கப் போற?" இவர் பதில் சொல்லாம டிவி சத்தத்தைக் குறைச்சார். டிவி ஏற்கெனவே சத்தமில்லாமத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அந்த அங் மோ கியோ வீடு வேண்டாம்னு சொல்லிட்டோம். உட்லண்ட்ஸ்ல 1997ல குத்தகை தொடங்கின நாலறை ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு. 71 வருஷம் பாக்கி, என் கணக்குக்கு 108 வயசு வரைக்கும் வருது. ரெண்டு விகிதாசாரமும் இந்த மாசம் திறந்திருக்கு. 15 மாசம் காத்திருக்கணும்னா அந்த வீடு அதுவரைக்கும் இருக்காது, வேற வரும்.

காசுமுத்து
வாடகை?

செங்காங்_சித்ரா
ரெண்டு வருஷத்துக்கு நீட்டிட்டோம் அண்ணே. 2,900ஐ 3,050 ஆக்கிட்டார் வாடகை வீட்டுச் சொந்தக்காரர். வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க.

பத்திரக்காரி
தகுதிக் கடித விண்ணப்பம் என்ன ஆயிற்று?

செங்காங்_சித்ரா
நேத்து ராத்திரி அனுப்பிட்டேன்க்கா. வெளிநாட்டு வீடு கேள்விக்கு "ஆம்". பங்கு எவ்வளவுன்னு கேட்ட இடத்துல மூணுல ஒண்ணுன்னு போட்டேன். இவர் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார், அழுத்துற வரைக்கும்.